வசாய்க் கோட்டையில் வடமிழுத்த நாள்

எனக்குக் கல்யாணமாகித் தாராவிக்கு வந்து ஒரு மழைக்காலம் முடிந்து, கிறிஸ்துமஸும் கழிந்திருந்தது. அதுவரை பம்பாயில் நான் பார்த்தது எங்கள் ஒற்றை அறை, சந்து முனைக் குழாய், காய்கறிக் கடை, ஞாயிற்றுக்கிழமைக் கோயில். அவ்வளவுதான். வீட்டில் மூன்று பேர்: என் கணவர், அவருடைய அக்காவான என் மதினி, நான். கணவர் மாதுங்காவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். மதினி சிறு வயதிலேயே கணவனை இழந்து தம்பியோடு பம்பாய்க்கு வந்தவர். ஒரு டிஸ்பென்சரியில் ஆயா வேலை பார்த்துத் தம்பியை ஆளாக்கியிருந்தார். நல்லவர்தான், ஆனால் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிக்க நேரம் கிடைக்காமலே பழகிப்போன முகம்.

கணவர் வேறு விதம். பகலில் பெண்டாட்டியோடு பேசினால் அக்கா என்ன நினைப்பாளோ என்று, என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொல்வார். "ஒரு டீ இருந்தா நல்லாருக்கும்" என்பார் சுவரைப் பார்த்து. நான் போட்டுக் கொடுப்பேன். "நாளைக்கு சட்டை தோய்க்கணும்" என்பார். நான் எடுத்து நனைப்பேன். அந்தச் சுவர்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போனது.

நான் நல்ல உயரம். அவரைவிட ஒரு விரற்கடை கூடவே இருப்பேன். கல்யாணமாகி வந்த முதல் நாளே மதினி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாசல் நெலைய ஒசத்திக் கட்டணும் போலயே" என்றார். கேலியா குறையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் வெளியிலும் கொஞ்சம் குனிந்தே நடந்தேன்.

எங்கள் சபைப் போதகரை ஊர் வழக்கப்படி ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா. கல்யாணத்துக்கு முன் ஐயரம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். வேலையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. அது எப்போதும் அவர் கைப்பைக்குள் கிடக்கும். மாதர் சங்கக் கூட்டத்தில் நாலு பேர் குசுகுசுவென்று பேசினால் அவர் கை பைக்குள் போகும். உடனே எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஐயரம்மா படியில் ஏறி நின்றார்.

"குடியரசு தினத்துக்கு மில்லு, பட்டறை எல்லாம் லீவு. மாதர் சங்கம் பிக்னிக் போவுது. வசாய்க் கோட்டைக்கு."

"அங்கன என்னம்மா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"முந்தி சண்டை நடந்த எடம். போர்ச்சுக்கீசியன் கட்டுன கோட்டைய மராட்டியப் படை வளைச்சுக்கிட்டு, சொவருக்கு அடியில சுரங்கம் தோண்டி, வெடி வச்சுப் புடிச்சாவ. இப்ப ஒண்ணும் கெடையாது. இடிஞ்ச மதிலும் கூரையில்லாத கோயிலும் புல்லுந்தான். ஓடலாம், விளையாடலாம். இங்க தாராவில கைய நீட்டினா அடுத்த வீட்டுக்காரி மூக்குல இடிக்கி."

மதினி வரமாட்டார், மதினி வராவிட்டால் நானும் போக முடியாது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். சந்து முனை வந்ததும் மதினி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "போயிட்டுத்தான் வருவோமே. என்ன கெட்டுப்போச்சு." அண்டா தூக்க ஆள் வேண்டும் என்று ஐயரம்மா சில ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். என் கணவர் அதில் ஒருவர்.

குடியரசு தினத்தன்று விடியுமுன்பே சந்தில் எலுமிச்சம்பழச் சோற்று மணம். மூன்று வீட்டு அடுப்பில் சோறு, எங்கள் அடுப்பில் முட்டை. வந்தவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு வரும்படி மதினி அவித்து, ஓட்டோடேயே ஒரு தூக்குவாளியில் அடுக்கி, தானே கையில் வைத்துக்கொண்டார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மாஹிமில் ஏறி பாந்த்ராவில் வண்டி மாறினோம். விடுமுறை என்பதால் இடம் கிடைத்தது. ஊர் பின்னால் போகப் போக வீடுகள் குறைந்து, உப்பளங்கள் வந்தன. பிறகு திடீரென்று சக்கரச் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர். வண்டி கழிமுகத்துப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. இத்தனை அகலமான தண்ணீரை நான் பம்பாய்க்கு வந்து பார்க்கவே இல்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எதிர் பெஞ்சில் அண்டாவைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டிருந்த கணவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பியதும் ஜன்னல் கம்பியைப் பார்த்து, "காத்து நல்லாருக்கு" என்றார். ரயிலில் சுவர் இல்லையே!

ஸ்டேஷனில் இறங்கி, குதிரை வண்டிகளைப் பேசிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு, வெற்றிலைக் கொடி, ஓட்டு வீடுகள். கடைசியில் கறுத்த பெரிய மதில் ஒன்று மரங்களுக்கு மேல் எழும்பியது. வண்டி வளைந்து வளைந்து இரட்டை வாசலுக்குள் நுழைந்தபோது எல்லாரும் கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தோம்.

உள்ளே ஒரு ஊரே இருந்திருக்க வேண்டும். தெருக்கள் போன இடத்தில் இப்போது புல். மதில்மேல் ஆலும் அரசும் முளைத்து வேரை இறக்கியிருந்தன. கூரை போன கோயில்கள் வானத்தைப் பார்த்து நின்றன. அதில் ஒன்றுக்குள் நின்று நாங்கள் ஒரு கீர்த்தனை பாடினோம். எங்கள் கோயிலில் பாடினால் பக்கத்து வீட்டு ரேடியோ குறுக்கே வரும். இங்கே பாட்டு நாலு சுவரிலும் மோதி, கூடவே வேறு யாரோ பாடுவதுபோல் திரும்பி வந்தது. மேலே ஒரு பொந்திலிருந்து கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு பறந்தது. ஐயரம்மா ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். அவருக்குக் கை பரபரத்தது எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு அங்கே நடந்ததை எப்படிச் சொல்வது! காலமெல்லாம் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு குதித்தார்கள். கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து, கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடினார்கள். இடிந்த கோபுரம் ஒன்றில் வளைந்து வளைந்து ஏறும் குறுகலான கல்படி இருந்தது. அதில் இருட்டில் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறி, உச்சிக்குப் போய், கீழே நின்றவர்களைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம். நடுவில் இந்த மதில். சண்டை போட்டவர்கள் இந்த இடத்துக்கு ஆசைப்பட்டதில் தப்பே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

கடைசிப் போட்டி கயிறு இழுப்பது. ஐயரம்மா பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். துணி காயப்போடும் கயிறு. மணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம் நின்றோம். விசில் ஊதினார். "ஏலேலோ" என்று ஒரே ஒரு இழுப்பு. கயிறு நட்ட நடுவில் பட்டென்று அறுந்தது. இரண்டு கட்சியும் வரிசையாக மல்லாந்து விழுந்தோம்.

நாங்கள் சிரிக்குமுன் வேறு யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் கடல் வாசல் பக்கமிருந்து வந்த கோலிப் பெண்கள், மதிலுக்கு வெளியே இருந்த மீனவக் குடியிருப்புக்காரர்கள். தலையில் கூடை, கொண்டையில் பூ, புடவையைக் கால்வழியே இறுக்கி வரிந்து கட்டியிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்று பார்த்தார்களோ தெரியாது. முன்னால் நின்ற அம்மாள் நல்ல ஆகிருதி. மூக்குத்தி வெயிலில் மின்னியது. அவள் அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அரே பாய், யே ரஸ்ஸி ஹை யா தாகா?" என்றாள்.

எங்களில் பாதிப் பேருக்கு இந்தி தெரியாது. மதினிக்கு டிஸ்பென்சரி இந்தி. "இது கயிறா நூலான்னு கேக்கா" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளுக்கு என்னவோ பதில் கொடுத்தார். அவள் அதற்கு ஏதோ சொன்னாள். மதினி ஒன்று சொன்னார். குரல்கள் ஏறின. சண்டை வந்துவிட்டது என்று நான் பயந்தேன்.

மதினி எங்கள் பக்கம் திரும்பினார். "படகுக் கயிறு தாராளாம். ஆனா அவளுவளோட இழுக்கணுமாம். நம்ம தோத்தா முட்டை. அவளுவ தோத்தா மீனு. நான் சரின்னுட்டேன்."

"மைனி! எல்லா முட்டையுமா?" என்று மதினியைக் கேட்டேன்.

"பின்ன? பாதி முட்டைக்கா சண்ட போடுவாவ?"

இரண்டு சிறுமிகள் ஓடிப்போய்க் கயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். தேங்காய் நார் வடம். உப்பேறிக் கறுத்து, என் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. ஐயரம்மா அதன் நடுவில் தன் கைக்குட்டையைக் கட்டினார். குச்சியால் தரையில் கோடு போட்டார். மூன்று தடவை இழுப்பது, இரண்டு ஜெயித்தவர் வெற்றி. அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை எந்தப் பண்டிகையிலும் நான் பார்த்ததில்லை.

முதல் இழுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விசில் சத்தம் அடங்குமுன் நாங்கள் தரையில் போட்ட கோட்டைத் தாண்டிப் போய் அவர்கள் காலடியில் கிடந்தோம். தினம் படகைக் கரையேற்றுகிற கைகள் அவை. அவர்கள் ஒரு பாட்டுச் சொல்லி, அதன் கடைசி எழுத்துக்கு எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுத்தார்கள். நாங்களோ ஒரு கையால் வடத்தையும் ஒரு கையால் முந்தானையையும் பிடித்திருந்தோம்.

புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. போர்டிங்கில் படித்த நாளில் நான் எங்கள் பள்ளிக்கூடத்து வடமிழுப்பில் கடைசி ஆள். வடத்தை இடுப்பில் சுற்றி, தோள்வழியே போட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற விஷயமா அது?

"செருப்பக் கழத்துங்க எல்லாரும்!" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "முந்தானைய இடுப்புல சொருவுங்க. கொசுவத்தத் தூக்கிச் சொருவுங்க. வெக்கப்பட்டா முட்டை போச்சு. இழுக்காதிய, சும்மா புடிச்சுக்கிட்டு சாஞ்சு நில்லுங்க. பாட்டு முடிஞ்சு அவ்வோ மூச்சு விடுவாவல்லா, அப்ப நான் 'வை'ம்பேன். ஒரு அடி பின்னால வைங்க. அவ்வளவுதான்."

மதினி என்னை உற்றுப் பார்த்தார். "ஏளா, உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"போர்டிங்ல இழுத்திருக்கேன் மைனி. கடைசி ஆளு."

மதினி உடனே செருப்பைக் கழற்றினார். புடவையைச் சொருகினார். எனக்கு முன்னால் வந்து நின்று வடத்தைப் பிடித்தார். நான் வடத்தைச் சுற்றிக்கொண்டு குதிகாலால் மண்ணைக் கொத்திக் குழி பண்ணினேன். ஐயரம்மா நான் நின்ற தோரணையைப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்று மட்டும் சொல்லி விசிலை வாயில் வைத்தார்.

அவர்கள் பாட்டு தொடங்கியது. வடம் விறைத்தது. என் விலா எலும்பெல்லாம் நெரிந்தது. ஆனால் நாங்கள் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்கள். அசையவில்லை. அவர்கள் மூச்சு வாங்கினார்கள்.

"வை!"

எல்லாக் காலும் ஒரு அடி பின்னால் போயின. மறுபடி பாட்டு, மறுபடி மூச்சு. "வை!" கைக்குட்டை எங்கள் பக்கம் நகர்ந்தது. எதிர்க்கடைசியில் நின்ற அந்த அம்மாள் என் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பாட்டை வேகமாகச் சொல்லச் சொன்னாள். வேகம் கூடியதில் அவர்களில் ஒருத்திக்குப் பாட்டு குழம்பி, சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் பக்கத்தில் இருந்தவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே வடம் இழுக்க முடியுமா? வரிசையாக எங்கள் பக்கம் வந்து விழுந்தார்கள்.

தாராவிப் பெண்கள் கத்திய கத்தலில் கிளிகள் மறுபடியும் பறந்தன. ஆண்கள் அண்டாவை விட்டுவிட்டு எழுந்து வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

மூன்றாவதுக்கு இடம் மாற்றி நின்றோம். இப்போது அவர்கள் சிரிக்கவில்லை, பாடவும் இல்லை. அந்த அம்மாள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்று பார்த்தேன்.

விசில். வடம் இறுகியது. கைக்குட்டை கோட்டுக்குமேல் நின்றுகொண்டு நடுங்கியது. ஒரு சாண் அங்கே போகும், ஒரு சாண் இங்கே வரும். உள்ளங்கை தீயாக எரிந்தது. முன்னால் மதினியின் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. "விட்ராத ஏளா, விட்ராத!" என்று அவர் முனகிக்கொண்டே இருந்தார். யாரோ என் பக்கத்தில் நின்று பைத்தியம் பிடித்தாற்போல் கத்துகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. யார் என்று பார்க்க நேரமில்லை. கால் வழுக்கியது. ஒரு அடி போனேன். இன்னொரு அடி. குதிகால் ஒரு கல்லில் தட்டி நின்றது. அதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன்.

சட்டென்று வடம் லேசாகிப் பின்னால் வந்தது. நாங்கள் எல்லாரும் வந்தோம். மல்லாந்து விழுந்து வானத்தைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம்! எழுந்து உட்கார்ந்து கத்த வாயெடுத்தேன்.

விசில் நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. ஐயரம்மா கையை நீட்டியபடி எனக்குப் பின்னால் யாரையோ பார்த்து நடந்து வந்தார். திரும்பினேன். வடத்தின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தபடி, மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்க, புல்லில் உட்கார்ந்திருந்தார் என் கணவர்.

"தம்பி," என்றார் ஐயரம்மா, "நீங்க எந்த மாதர் சங்கம்?"

அவர் கையிலிருந்த வடத்தைப் பார்த்தார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியாததுபோல் மெல்லக் கீழே வைத்தார்.

"ஆம்பள தொட்டா ஆட்டம் போச்சு. கோலிக்காரவ ஜெயிச்சாவ!" என்று ஐயரம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மதினிதான் அதையும் இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று அவரிடம் கத்தினேன். "ஒங்கள யாரு புடிக்கச் சொன்னா? நாங்க ஜெயிச்சிருப்போம்! கல்லுல கால் நின்னுட்டு, தெரியுமா? ஜெயிச்சிருப்போம்!"

அவர் சுவரைத் தேடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் முகத்தையே பார்த்தார். "உன்னையக் கடலுக்கே இழுத்துட்டுப் போயிருவாளுவளோன்னு பயந்துட்டேன்" என்றார்.

"போனா நீந்தி வருவா!" என்றார் மதினி. "நீ எதுக்குல பொம்பளைய ஆட்டத்துக்குள்ள குறுக்க வந்த?"

அந்தக் கோலி அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே எங்களிடம் வந்தாள். என்னைக் காட்டி அவரிடம், "துஜி பாய்கோ?" என்று கேட்டாள். உன் பெண்டாட்டியா என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. அவர் தலையாட்டினார். அவள் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவரிடம் என்னவோ சொன்னாள். கோலிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன சொல்லுதா மைனி?"

மதினி சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல வரவில்லை. தோள் குலுங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது, விக்கல் மாதிரி. அப்புறம்தான் அது சிரிப்பு என்று எங்களுக்குப் பிடிபட்டது. "இவ உன்னைய அடிக்க ஆரம்பிச்சா ஓடி வந்துருங்கா. படகுக்கு அடியில ஒளிச்சு வைப்பாளாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணவரும் சிரித்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மதினி தூக்குவாளியைத் தானே கொண்டுபோய் அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அவள் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கடல் வாசல் வழியாக வெளியே நடந்தாள். அங்கே மூங்கில் பந்தல்களில் பொம்பில் மீன் வரிசை வரிசையாகக் காய்ந்தது. ஈரப் பொம்பிலை மிளகாய்ச் சாந்தில் புரட்டி, இரும்புச் சட்டியில் போட்டுச் சுடச்சுட எடுத்தார்கள். எங்கள் எலுமிச்சம்பழச் சோற்றைப் படகுப் பலகையில் பரப்பினோம். அவர்கள் அதிலிருந்த கடுகையும் கறிவேப்பிலையையும் பொறுக்கி வைத்துவிட்டு, புளிப்பை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். முட்டையை அந்த அம்மாள் எல்லாருக்கும் பங்கு வைத்தாள். எங்களுக்கும் சேர்த்து. கடைசி முட்டையை என் கணவரிடம் நீட்டி, இது தோற்றவனுக்கு என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வெயில் சாய்ந்ததும் அவள் வீட்டுக்காரர் எங்களில் வர விரும்பியவர்களைப் பாய்மரப் படகில் ஏற்றிக் கழிமுகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். தண்ணீரிலிருந்து பார்த்தால் கோட்டை இன்னும் பெரிதாக இருந்தது. ஐயரம்மா எந்தப் பக்கம் வெடி வைத்தார்கள் என்று காட்டப் படகில் எழுந்து நின்றார். அந்த மனிதர் மராட்டியில் அதட்டியதும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் பட்டென்று உட்கார்ந்தார். விசிலை அந்தப் படகுக்காரரிடம் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று மதினி என் காதில் சொன்னார். படகு ஏறி இறங்கும்போதெல்லாம் மதினி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். கணவர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதன்மேல் உட்காரச் சொன்னார். எல்லார் முன்னாலும் என் கையைத் திருப்பிப் பார்த்து, "ரொம்ப எரியுதா?" என்று கேட்டார். மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காததுபோல் இருந்தாரே தவிர, வாய் ஓரம் சிரிப்பு இருந்தது.

வீடு சேர்ந்ததும் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கணவரே என் கைகளில் பூசினார். இரண்டு நாள் என்னைப் பாத்திரம் தொடவிடவில்லை. சந்தில் கதை பரவிவிட்டது. குழாயடியில் வரிசையில் நிற்கும் பெண்கள் "வை!" என்று சொல்லிக்கொண்டே குடத்தை ஒரு அடி நகர்த்தினார்கள். என் கணவரைப் பட்டறைக்காரர்கள் கொஞ்ச காலம் "மாதர் சங்கம்" என்றே கூப்பிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வருஷமும் அதே நாளில் வசாய்க்குப் போனோம். இந்தத் தடவை கடையில் வாங்கிய நல்ல வடம் ஐயரம்மா கையில். மாதக்கணக்காகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் கோயில் வளாகத்தில் எல்லாரையும் பழக்கியிருந்தார். ஆனால் எனக்கு அப்போது ஆறாம் மாதம். வடத்தைத் தொடவே கூடாது என்று மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐயரம்மா விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டு, தானும் வரிசையில் போய் நின்றார். கடைசி ஆளாக மதினி வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

அந்தக் கோலி அம்மாள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஓரமாக நின்ற என் கணவரைப் பார்த்து விரலை ஆட்டி எச்சரித்தாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் ஊதினேன். ஒரே இழுப்புத்தான். மாதர் சங்கம் முழுவதும் புல்லில் சறுக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் போயிற்று. ஐயரம்மா ஒரு பக்கம், செருப்புகள் ஒரு பக்கம். மதினி வடத்தோடு சுருண்டு, அந்த அம்மாள் மடியிலேயே போய் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. அவள் தோளில் சாய்ந்தபடி, தலை கலைந்து, "இன்னொரு மட்டம் ஊதுளா! இப்பத்தான் கையி சூடாவுது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.